பழைய சுங்கானுக்கு வயது பார்ப்பது எப்படி

வீட்டுப் பெட்டகத்தைக் கிளறும்போது புகையிலை பிடிக்கிற பழைய பைப் ஒன்று கையில் கிடைத்தால், தயவுசெய்து அதைத் துடைக்காதீர்கள். பிராசோ வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஈரத்துணிகூட வேண்டாம். கிடைத்த கோலத்தில், சுற்றியிருந்த துணியோ தாளோ அதையும் சேர்த்து ஒரு தட்டில் வையுங்கள். அதன் வயதைச் சொல்லப்போகிற எழுத்து பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாமல் மரத்தில் பதிந்திருக்கும். பத்து நிமிட பாலிஷ் போதும், அது போய்விடும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். கீழக்கரையில் நாற்பது வருடமாக வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த கொஞ்ச காலத்தில், கொழும்பில் வியாபாரம் செய்து திரும்பிய ஒரு வீட்டார் தங்கள் பெரியவருடைய பைப்பைக் கொண்டுவந்தார்கள். "காக்கா, நல்லா மினுக்கிக் குடுங்க" என்றார்கள். கடிகாரக் கேஸை மெருகேற்றும் சக்கரத்தில் அதைப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். சில வருடம் கழித்து அந்த வீட்டுப் பேரன் வந்து, இது எந்த வருடத்துப் பைப் என்று கேட்டார். கழுத்தை லென்ஸில் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் ஒரு மங்கல்தான் மிச்சம். அதை அழித்தது என் கை. அந்த வருத்தத்தில்தான் இந்தச் சாமான்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எங்கள் கடற்கரையில் இவை ஏன் கிடைக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. சென்னையில் போட் மெயில் ஏறியவர், ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பில் போய் இறங்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்தப் போக்குவரத்து நடந்தது. எங்கள் ஊர் சபராளிகள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்வந்தார்கள். அவர்கள் பெட்டியில் கைக்கடிகாரமும் பேனாவும் வந்தன. சில பெட்டிகளில் பைப்பும் வந்தது. ஓடாத கடிகாரத்தோடு அதே பெட்டியில் கிடந்த பைப்பையும் சேர்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதற்குத் தமிழில் சுங்கான் என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் மீன்பிடிக்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் வள்ளத்துச் சுக்கானை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே எழுத்து வித்தியாசம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதனால் இங்கே சுங்கான் என்றே எழுதுகிறேன்.

முதலில் எழுத்தைப் பிடியுங்கள்

புகையிலை போடுகிற பகுதியைக் கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நீளும் மரம் கழுத்து. வாயில் வைக்கிற கருப்புப் பகுதி குழல். இரண்டும் சேருமிடத்தில் உலோக வளையம் இருந்தால் அது பூண். எழுத்து இருக்கும் இடங்கள்: கழுத்தின் இடப்பக்கம், வலப்பக்கம், அடிப்பக்கம், பூண், குழலின் மேல்புறம் அல்லது பக்கவாட்டு. கிண்ணத்தின் அடியையும் திருப்பிப் பாருங்கள்.

நேர் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கழுத்துக்குப் படுக்கை வசமாக, கிட்டத்தட்ட மரத்தைத் தொடுகிற மாதிரி பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். சுங்கானை மெல்லச் சுற்றிக்கொண்டே நாலைந்து கோணத்தில் போட்டோ எடுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து இன்னொரு கோணத்தில் தெரியும். அதற்கும் மசியவில்லை என்றால், கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல, நகைக்கடையில் சுற்றிக்கொடுக்கும் மெல்லிய தாளை மேலே வைத்து, மிருதுவான பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம்.

குழலை முறுக்கிக் கழற்றாதீர்கள். பல வருடக் கசடு உள்ளே பசைபோல இறுகியிருக்கும். எங்கள் உப்புக்காற்றில் மரம் ஊதியும் இருக்கும். முறுக்கினால் கழுத்துக்குள் செருகியிருக்கும் குழலின் முனை, அதாவது முளை, உள்ளேயே ஒடிந்துவிடும். கழற்றியே ஆகவேண்டுமென்றால், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஈரம் இறங்கியதும், கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகத் திருப்புங்கள். கிண்ணத்தைப் பிடித்துத் திருப்பினால் கழுத்து உடையும்.

எதனால் செய்தது

பெரும்பாலான சுங்கான்கள் பிரையர் மரம். மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்க்கட்டை அது. சூடு தாங்கும், எளிதில் கருகாது. பிரான்சில் ஜூரா மலையிலுள்ள சென்ட் குளோட் என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தொழிலைப் பெரிதாக்கியது. ஆகவே ஒரு பிரையர் சுங்கானைக் காட்டி "திப்பு சுல்தான் காலத்தது" என்று யாராவது சொன்னால், மரத்தைப் பார்த்தே மறுத்துவிடலாம்.

வெள்ளையாகவோ தேன் நிறமாகவோ, எடையே இல்லாததுபோல இருந்தால் அது மீர்ஷாம். துருக்கியில் எஸ்கிஷெகிர் பக்கம் வெட்டியெடுக்கும் மென்மையான கனிமம். ஜெர்மன் சொல்லுக்குக் கடல் நுரை என்று பொருள். இந்த இடத்தில் நம் ஊரில் ஒரு குழப்பம் வரும். நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓட்டைக் கொடுப்பார்கள். இந்தச் சுங்கானும் கணவாய் ஓட்டில் குடைந்தது என்று நம்பிய ஒருவர், அதை எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்துக் கொண்டுவந்தார். கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்து, மீர்ஷாம் மெக்னீசியம் கலந்த மண்கல், இரண்டும் வேறு. மீர்ஷாம் நனைந்தால் மிருதுவாகிவிடும், அதனால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. புகைத்துப் பழகிய மீர்ஷாமில் கழுத்திலிருந்தும் கிண்ணத்தின் அடியிலிருந்தும் நிறம் மெல்ல ஏறியிருக்கும். மேலிருந்து கீழ்வரை பெயிண்ட் அடித்ததுபோல ஒரே பழுப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

குழலைத் தனியாகப் பார்க்க வேண்டும். கருப்புக் குழல் வெயில்பட்ட பக்கம் பச்சையும் பழுப்புமாக மங்கியிருந்தால் அது எபொனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். பழைய எபொனைட் பேனா வைத்திருந்தவர்களுக்கு இந்த நிறம் தெரியும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். எத்தனை வருடமானாலும் நிறம் மாறாமல் மினுங்குவது அக்ரிலிக். அது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது, அல்லது பின்னால் மாற்றிப்போட்டது. முளையையும் பாருங்கள். குழலும் கழுத்தும் எலும்பில் கடைந்த மரையாணியால் திருகி இணைந்திருந்தால், அது 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவலாக இருந்த வழக்கம்.

மஞ்சளாக, தேன்போல ஒளி ஊடுருவும் குழலை எல்லோரும் அம்பர் என்பார்கள். (திமிங்கிலத்திலிருந்து வரும் அம்பரும் இதுவும் ஒன்றல்ல. இது மரப்பிசின் இறுகிக் கல்லானது. திமிங்கில அம்பரை நம் சட்டப்படி வைத்திருக்கவே கூடாது.) மஞ்சள் குழல்களில் நிறைய பேக்கலைட்டாக இருக்கும். பேக்கலைட் 1907-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அந்தக் குழல் அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. பிரித்துப் பார்க்க, கால் லிட்டர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற வரை உப்பைக் கரையுங்கள், ஏறத்தாழ 90 கிராம் பிடிக்கும். கடல் தண்ணீர் போதாது, வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில் முற்றி நிற்கிற நீரைப்போல இருக்க வேண்டும். உலோகம் ஒட்டாத, தனியாகக் கழன்ற குழலை மட்டும் அதில் விடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட் முங்கும். முங்கினால் அம்பர் இல்லை என்பது நிச்சயம். மிதந்தால் மட்டும் அம்பர் என்று முடிவுகட்ட முடியாது, சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். சோதித்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

நாட்டின் பெயர்தான் பெரிய சாவி

கம்பெனி பெயரைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். கம்பெனி நூறு வருடம் ஒரே பெயரில் ஓடும். நாட்டின் பெயரை எழுதுகிற விதம் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கா 1890-இல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. இறக்குமதிச் சரக்கில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று பதித்திருக்க வேண்டும் என்றது. அதன் பிறகுதான் 'இங்கிலாந்து', 'ஹாலந்து' என்று நாட்டின் பெயர் பரவலாக வருகிறது.

இதற்கு மிக நல்ல உதாரணம் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து பீட்டர்சன் கம்பெனி. சார்லஸ் பீட்டர்சன் 1890-இல் 'சிஸ்டம்' என்ற அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கிண்ணத்துக்குக் கீழே, கழுத்துக்குள் கிணறுபோல ஒரு குழி இருக்கும், புகையின் ஈரம் அதில் தங்கிவிடும். 1898-இல் இன்னொரு காப்புரிமை: குழலின் நுனியில் ஓட்டை நேராக முடியாமல் மேல்நோக்கித் திறக்கும். புகை நாக்கைச் சுடாமல் அண்ணத்துக்குப் போக அந்த ஏற்பாடு. இந்த இரண்டையும் பார்த்தால் எழுத்தைப் படிக்கும் முன்பே பீட்டர்சன் என்று ஊகிக்கலாம்.

அடுத்து நாட்டைப் படியுங்கள். 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்று இருந்தால் 1922 முதல் 1937 வரை. அந்த ஆண்டு இறுதியில் புதிய அரசியல் சாசனம் வந்தது, நாட்டின் பெயர் ஏரா ஆனது. 'மேட் இன் ஏரா' என்ற முத்திரை 1938-இலிருந்து சில ஆண்டுகள்தான் வந்தது, அதனால் அது அரிது. 1949 ஏப்ரலில் அயர்லாந்து முறைப்படி குடியரசானது. 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து' என்று மூன்று வரியில் இருந்தால் அந்தக் காலத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம். பீட்டர்சன் பெயரோடு 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தால் போலி என்று தூக்கிப்போடாதீர்கள். அவர்களுக்கு லண்டனிலும் தயாரிப்பு இருந்தது.

அடுத்து டன்ஹில். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-இல் லண்டனில் கடை திறந்து, 1910-இல் சொந்தமாகச் சுங்கான் செய்யத் தொடங்கினார். குழலின் மேல்புறத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். எது மேல்பக்கம் என்று காட்டத்தான் அது வந்தது, பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது. வெள்ளைப் புள்ளி இருந்தாலே டன்ஹில் என்று நினைக்காதீர்கள். சிறிய டிரில் வைத்திருக்கிற யாரும் ஒரு புள்ளி போட்டுவிட முடியும். 'மேட் இன் இங்கிலாந்து' என்பதன் கடைசி எழுத்தை ஒட்டி, சற்று உயரத்தில் ஒரு சிறு எண் இருக்கும். அதுதான் வருடம். 1921-இல் 1 என்று தொடங்கியது. 1960-க்குப் பிறகு கணக்கு எளிது: அந்த எண்ணை 1960-உடன் கூட்டுங்கள். 25 என்றால் 1985.

சிக்கல் ஒற்றை எண்ணில்தான். இடையில் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியதால், 5 என்பது 1925 ஆகவும் இருக்கலாம், 1965 ஆகவும் இருக்கலாம், இடையில் வேறு ஆண்டாகவும் இருக்கலாம். அப்போது துணைச் சாட்சி வேண்டும். காப்புரிமை எண் பதிந்திருந்தால் 1950-களின் நடுப்பகுதிக்கு முந்தியது. வட்டத்துக்குள் 1 முதல் 6 வரை ஓர் எண் இருந்தால் அது அளவைக் குறிப்பது, 1950-ஐ ஒட்டித்தான் வந்தது. மேற்பரப்பும் உதவும். மணல் ஊதிச் சொரசொரப்பாக்கிய 'ஷெல்' வகைக்குக் காப்புரிமை கேட்டது 1917-இல். 'ரூட் பிரையர்' 1931-இல் வந்தது, வெளிர் பழுப்பான 'டான்ஷெல்' 1952-இல். ஆகவே 5 என்று போட்ட டான்ஷெல் 1925 ஆக இருக்க வழியே இல்லை. எழுத்து, எண், மேற்பரப்பு மூன்றும் ஒரே வருடத்தைச் சொன்னால்தான் நான் வாயைத் திறப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோமாய்ஸ் கம்பெனிச் சுங்கானின் குழலில் 'சி' எழுத்து இருக்கும். லென்ஸில் பார்த்தால், பழையதில் அது மூன்று துண்டுகளைப் பதித்துச் செய்திருக்கும். பிந்தியவற்றில் வெறும் அச்சு. ஜிபிடி (GBD) என்பது 1850-இல் பாரிசில் தொடங்கிய மூவரின் முதலெழுத்துகள். நீள்வட்டத்துக்குள் அந்த எழுத்துகள் கொண்ட பித்தளைச் சில்லு குழலில் பதிந்திருந்தால் நல்லது. 'லண்டன் மேட்' என்று மட்டும் இருந்து கம்பெனி பெயரே இல்லாவிட்டால், அதை வைத்து வருடம் சொல்ல முடியாது.

நங்கூரம் கப்பலைக் காட்டாது

வெள்ளிப் பூணில் நங்கூரம் இருந்தால் எங்கள் பக்கம் உடனே "கப்பல் கேப்டனுடையது" என்பார்கள். கடலோரத்து ஆட்களுக்கு அப்படித்தான் தோன்றும். அந்த நங்கூரம் பர்மிங்காம் நகரத்து வெள்ளிச் சோதனை நிலையத்தின் அடையாளம். பர்மிங்காமில் கடலே கிடையாது. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். வாளும் மூன்று கோதுமைக் கட்டும் என்றால் செஸ்டர், அந்த நிலையம் 1962-இல் மூடப்பட்டது. நடந்துபோகிற சிங்கம் 925 வெள்ளி என்பதற்கு. கிரீடம் வைத்த யாழும் உட்கார்ந்த பெண்ணும் டப்ளின்.

இவற்றோடு ஒரு கட்டத்துக்குள் தனி எழுத்து ஒன்று இருக்கும். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் கட்டத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி தொடங்குவார்கள். பர்மிங்காமில் 1900-இல் சிறிய 'ஏ', 1925-இல் பெரிய 'ஏ', 1950-இல் மறுபடி பெரிய 'ஏ'. ஆகவே எழுத்தோடு கட்டத்தின் ஓரத்தையும் வரைந்துகொண்டு, அந்தந்த ஊர் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கட்டம் வெட்டிய மூலையா, வளைந்த மூலையா என்பதில் இருபத்தைந்து வருடம் தவறிப்போகும்.

இரண்டு எச்சரிக்கை. பூணின் வயது பூணுக்குத்தான். கழுத்து விரிசல் விட்டால் அதை மூடப் பிறகு பூண் போடுவதுண்டு. பூணுக்கடியில் கம்பெனி எழுத்து பாதி மறைந்திருந்தால் அது பிறகு போட்டது. இன்னொன்று, பீட்டர்சன் தன் நிக்கல் பூண்களில் மூவிலை, வேட்டைநாய், வட்டக் கோபுரம் என்று மூன்று சின்னம் அடித்தது. பார்ப்பதற்கு வெள்ளி முத்திரை மாதிரியே இருக்கும். அது வெள்ளியும் இல்லை, அதில் வருடமும் இல்லை. வெள்ளி என்று நம்பி அடகுக்கடைவரை போய்த் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக் குழாய்த் துண்டுகள்

கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு, பையன்கள் சிலசமயம் வெள்ளைக் குச்சித் துண்டுகளைக் கொண்டுவருவார்கள். பவளமா, எலும்பா என்று கேட்பார்கள். நடுவில் நேரான துளை இருந்தால் அது களிமண் சுங்கானின் கழுத்தாக இருக்கலாம். டச்சுக்காரர்கள் 1658-இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் நாட்டில் கவுடா என்ற ஊர் களிமண் சுங்கானுக்குப் பேர்போனது. கிண்ணத்தின் அடியில் குதிகால்போல ஒரு புடைப்பு இருக்கும். அதன் அடியில் செய்தவரின் சின்னம், பெரும்பாலும் கிரீடத்தின் கீழ் ஓர் எழுத்தோ எண்ணோ. அந்தக் குதிகாலின் பக்கவாட்டில் கவுடா நகரச் சின்னம் இருந்தால் 1739-40-க்குப் பிந்தியது. கிண்ணம் சிறுத்திருந்தால் பழையது என்பது பொது விதி. தொடக்கத்தில் புகையிலை விலை அதிகம், அதனால் கிண்ணமும் சிறிது.

துளையின் அளவும் காலம் சொல்லும். 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலேயக் களிமண் சுங்கான்களில் காலம் போகப் போகத் துளை சிறுத்துக்கொண்டே வந்ததைக் கண்டார். அவர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கை அளவாக வைத்தார். நம் ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் டிரில் பிட்தான் கிடைக்கும், அதுவே போதும். பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைத் துளையில் விடுங்கள். 3.2 மி.மீ. இறுக்கமாகப் போனால் 8, 2.8 என்றால் 7, 2.4 என்றால் 6, 2 என்றால் 5, 1.6 என்றால் 4. ஹாரிங்டன் கணக்கில் 7 என்பது 1650 முதல் 1680 வரை, 5 என்பது 1710 முதல் 1750 வரை. 1962-இல் பின்ஃபோர்டு என்ற இன்னோர் ஆய்வாளர் இதை ஒரு சூத்திரமாக்கினார்: எல்லாத் துண்டுகளின் துளை எண்ணுக்கும் சராசரி எடுத்து, அதை 38.26-ஆல் பெருக்கி, 1931.85-இலிருந்து கழிக்க வேண்டும். சராசரி 5 என்றால் 1740 வரும். ஆனால் நிறையத் துண்டுகள் இருந்தால்தான் இதற்கு அர்த்தம். ஒரே துண்டை வைத்து வருடம் சொல்வது தவறு. டச்சுச் சுங்கானுக்கு இது அப்படியே பொருந்தவும் செய்யாது.

இவற்றுக்காக மண்ணைத் தோண்டாதீர்கள். எங்கே கிடைத்தது என்பது போய்விட்டால் பாதிச் செய்தி போய்விடும். மண்ணில் புதைந்து கிடைப்பதைப் பற்றி 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். வீட்டிலிருக்கிற சுங்கானுக்கும் ஒரு சட்டம் நினைவிருக்கட்டும்: நூறு வயது தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகலாம், அதை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. குழல் தந்தமாகத் தெரிந்தால் விற்கும் பேச்சையே எடுக்காதீர்கள். குறுக்கே வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் தந்தம், பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் எலும்பு.

பாம்பன் ஆத்தாவின் சுங்கான்

போன வருடம் பாம்பனிலிருந்து ஓர் ஆத்தா மகளோடு வந்தார். மடியிலிருந்து ஒரு தாள்பொட்டலத்தை எடுத்தார். "பாய், இது எங்கய்யாவோடது. 1914-ல பாலம் தொறந்தப்ப தொரை குடுத்தது. எம்புட்டுப் போகும்னு கேக்கலை, உண்மையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். அவருடைய அய்யா தனுஷ்கோடித் துறையில் மூட்டை இறக்குகிற வேலையில் இருந்தவர். புயலுக்குப் பிறகு குடும்பம் பாம்பனுக்கு வந்துவிட்டது.

பிரித்தேன். வளைந்த சுங்கான், கனத்த கிண்ணம், உலோகப் பூண். குழலின் ஒரு பக்கம் பச்சையாக மங்கியிருந்தது, எபொனைட். நுனியைத் திருப்பினேன், ஓட்டை மேல்நோக்கித் திறந்தது. பூணில் மூவிலை, நாய், கோபுரம். அது நிக்கல் என்று சொன்னேன், ஆத்தா தலையாட்டினார், அதில் அவருக்கு அக்கறையில்லை. டார்ச்சைப் படுக்கவைத்தேன். கழுத்தின் இடப்பக்கம் பீட்டர்சன் பெயர் எழுந்தது. வலப்பக்கம் மூன்று வரி. முதல் வரி நன்றாகத் தெரிந்தது, நடு வரி தேய்ந்திருந்தது. நாலாவது கோணத்தில் 'ரிபப்ளிக்' என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் நிழல் கட்டின. 1914-இல் அந்தக் குடியரசே இல்லை.

அடுத்து பொட்டலத் தாள். கொழும்பில் அச்சான தமிழ்ப் பத்திரிகையின் கிழிந்த பக்கம், ஓரத்தில் 1958 என்ற வருடம். தாள் சுங்கானின் வயதைச் சொல்லாது. அந்த வருடத்துக்கு முன்னால் இந்தத் தாளில் சுற்றியிருக்க முடியாது என்பதை மட்டும் சொல்லும். கப்பல் ஓடிய கடைசிப் பதினைந்து வருடத்துக்குள் இது அவர் அய்யா கைக்கு வந்திருக்கலாம். முத்திரையும் தாளும் துறை வேலையும் அதோடு ஒத்துப்போகின்றன.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஆத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எங்கய்யா பொய் சொன்னாகளா?"

"அய்யா உங்ககிட்ட என்ன சொன்னாக, அதை மட்டும் சொல்லுங்க ஆத்தா" என்றேன்.

யோசித்தார். "பாலத்து வேலையா வந்த தொரை கப்பலேறப் போனப்ப குடுத்தாருன்னு சொல்லுவாக."

"1914-னு?"

மகள் குறுக்கே வந்தார். "அது மாமா சொன்னதும்மா. பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல பாலம் தொறந்த வருசத்தைப் படிச்சுட்டு வந்து சொன்னாரு."

பாலத்துக்கு வேலையாக ஆள் வராத வருடம் உண்டா? ஆத்தா சுங்கானை வாங்கி, அதே தாளில் பழைய மடிப்பு பிசகாமல் வைத்துச் சுற்றினார். தாள் பொடியாகிறது, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, தாளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள் என்று சொல்லி, கடையிலிருந்த துணியொன்றைக் கொடுத்தேன். சுங்கானைத் துடைக்க வேண்டுமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்று ஆத்தாவே சொல்லிவிட்டார்.